வடக்குச் சுவரில் மூன்று சதுர மீட்டர்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், வழிபாடு நின்று பல ஆண்டுகளான ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஆளுயரம் வரையிலான ஏறக்குறைய 3 சதுர மீட்டர் பரப்பில், கல்லிடுக்குகளை அடைத்திருந்த சிமென்ட்டை வெட்டியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் மறுபடி அடைத்த வேலையின் பதிவு இது. மே மாதம் தொடங்கிய வேலை செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது. நாள் கணக்கில் பார்த்தால் 11 நாள்கள்; அவற்றில் கரணையைக் கையில் பிடித்து உருப்படியாகப் பூசிய நாள்கள் நான்குதான். மற்றவை பார்ப்பதற்கும் வரைவதற்கும் வெட்டுவதற்கும், செய்ததையே பிடுங்கிவிட்டு மறுபடி செய்வதற்கும் போயின. தேவாலயத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அதன் கூரையில் இன்னும் ஈயத்தகடு இருக்கிறது. ஆளில்லாத தேவாலயங்களைத் தேடிப்போய் ஈயத்தை உரித்துச் செல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நார்ஃபோக்கில் இடைக்காலத் தேவாலயங்கள் 600-க்கு மேல் உள்ளன. ஆட்டு மயிராலும் கம்பளி நெசவாலும் செழித்த காலத்தில் ஊருக்கு ஒன்றாகக் கட்டப்பட்டவை. ஊர் சுருங்கிய பிறகும் அவை சுருங்கவில்லை. நாங்கள் வேலை செய்த தேவாலயம் வாற்கோதுமை வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு பண்ணை வீடுதான் உண்டு. இப்படித் தனித்து நிற்கும் தேவாலயத்தைக் காட்டினால், 1348-49 ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயில் ஊரே அழிந்துவிட்டது என்று அந்தப் பக்கத்தில் உடனே கதை சொல்வார்கள். நார்ஃபோக்கில் பல இடங்களில் உண்மை இதைவிடச் சாதாரணமானது. மேய்ச்சல் பொதுநிலத்தின் ஓரத்தில் இருப்பது வசதி என்று மக்கள் கொள்ளைநோய்க்கு வெகு காலம் முன்பே வீடுகளை மாற்றிக்கொண்டார்கள். கல்லால் கட்டிய தேவாலயத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

கட்டடத்தின் அமைப்பு எளிது. மேற்கே வட்டமான கோபுரம், அதை ஒட்டி மக்கள் நிற்கும் நடுக்கூடம், கிழக்கே அதைவிடச் சற்றே ஒடுங்கிய பலிபீடக் கூடம், தெற்கே ஒரு முகமண்டபம். பக்கக் கூடங்கள் கிடையாது. சுவர்கள் முழுவதும் சிக்கிமுக்கிக் கல். இந்தப் பகுதியில் வெட்டியெடுத்துச் செதுக்கத்தக்க கட்டடக் கல் அருமை. வயலை உழுதால் கிடைப்பது சிக்கிமுக்கிதான். கதவு, சன்னல் ஆகியவற்றின் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் வேண்டிய சுண்ணக்கல்லைப் பீட்டர்பரோவுக்கு அருகேயுள்ள பார்னக் கல்குவாரிகளிலிருந்து ஆற்று வழியாகவும், வசதி படைத்தவர்கள் பிரான்சில் நார்மண்டியின் கான் நகரப் பக்கத்திலிருந்து கடல் வழியாகவும் கொண்டுவந்தார்கள். நார்ஃபோக்கில் மட்டும் 120-க்கு மேற்பட்ட வட்டக் கோபுரங்கள் இருப்பதற்கும் இந்தக் கல் பஞ்சத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம்: வட்டத்துக்கு மூலை கிடையாது, ஆகவே மூலைக்கல் வேண்டியதில்லை என்பது வாதம். எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. அதே ஊர்களில் நடுக்கூடத்தின் நான்கு மூலைகளையும் பெரிய சிக்கிமுக்கிகளை வைத்தே கட்டியிருக்கிறவர்களுக்குக் கோபுரத்தின் மூலை மட்டும் ஏன் முடியாமல் போயிற்று என்ற கேள்வி நிற்கிறது.

ஆங்கிலத் தேவாலயக் கட்டடக்கலையைத் தொடக்க ஆங்கிலப் பாணி, அலங்காரப் பாணி, செங்குத்துப் பாணி என்று பிரிக்கும் முறையைத் தாமஸ் ரிக்மன் 1817-இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். இன்றைக்கும் சன்னலைப் பார்த்துக் காலம் சொல்ல அதுதான் கைக்குறிப்பு. எங்கள் வடக்குச் சுவரில் மட்டுமே இரண்டு காலங்கள் தெரிகின்றன. மேற்குக் கோடியில் உயரத்தில், வெளியே கையகலமும் உள்ளே வாசலகலமுமாக விரியும் சிறிய அரைவட்டத் தலைச் சன்னல் ஒன்று; இது நார்மானியக் காலத்தது, அதாவது பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிழக்கே தள்ளி, நடுத்தூண் மேலே இரண்டாகப் பிரிந்து ஆங்கில ஒய் எழுத்தைப் போலக் கிளைவிடும் இரட்டைச் சன்னல். இது 1300-ஐ ஒட்டியது. தெற்குச் சுவரில் பதினைந்தாம் நூற்றாண்டின் அகன்ற மும்மைச் சன்னல்கள், கண்ணாடிப் பரப்பை முடிந்தவரை பெரிதாக்கிய செங்குத்துப் பாணியில் வரிசையாக உள்ளன. பணம் வந்தபோதெல்லாம் வெயிலும் பார்வையும் விழும் தெற்குப் பக்கத்துக்கே செலவழித்திருக்கிறார்கள், வடக்கை விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியத்தால்தான் பழைய சுவர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இப்போதைய தட்டையான ஈயக் கூரைக்கு மேலே, கூர்மையான முக்கோணத் தழும்பு ஒன்று தெரியும். ஈயம் வருவதற்கு முன்னால் வைக்கோலோ நாணலோ வேய்ந்த செங்குத்தான கூரை இருந்த அடையாளம் அது.

இங்கிலாந்துத் திருச்சபை 1968-இன் சட்டவிதியால் தேவையற்றவை என அறிவிக்கப்படும் தேவாலயங்களுக்கு ஒரு முறையான வழி வகுத்தது. அடுத்த ஆண்டு அமைந்த நிதியம்தான் இன்று சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற பெயரில் 350-க்கு மேற்பட்ட கட்டடங்களைக் காக்கிறது. அதற்கும் முன்பே, 1957-இல், ஐவர் புல்மர்-தாமஸ் நண்பரில்லாத் தேவாலயங்களின் நண்பர்கள் என்று பொருள்படும் அமைப்பை நிறுவியிருந்தார். எங்கள் தேவாலயம் இந்த இரண்டிலும் சேராதது. உள்ளூர்ச் சிறு அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் உள்ளது. அனுமதி வாங்கி, கட்டடக் கலைஞரின் குறிப்புப்படி, அறுபதைத் தாண்டிய ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரின் கீழ் நாங்கள் மூன்று பேர் தொண்டர்களாக வேலை செய்தோம். தொழிலுக்கு நான் புதியவன். முன்பு இரண்டு தோட்டச் சுவர்களைப் பூசியிருந்ததுதான் அனுபவம்.

வேலைக்குக் காரணம் உள்ளே இருந்தது. நடுக்கூடத்தின் வடக்குச் சுவரில், தெற்கு வாசலுக்கு ஏறக்குறைய எதிரே, புனித கிறிஸ்தோபரின் சுவரோவியத்தின் அடிப்பகுதி மிஞ்சியிருக்கிறது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் அந்தப் பெருவுருவை வாசலுக்கு எதிரே தீட்டுவது இங்கே வழக்கம்; அதைப் பார்த்தவருக்கு அன்றைக்குத் துர்மரணம் இல்லை என்று நம்பினார்கள், ஆகவே கதவைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும். இதே மாவட்டத்து ஊர்களான ஹெம்ப்ளிங்டனிலும் பாஸ்டனிலும் இதைப் பெரிய அளவில் இன்றும் காணலாம். புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தக் காலத்தில், 1547-க்குப் பின் உருவங்களை அகற்றும் அரச ஆணைகள் வந்தபோது, இவற்றின் மேல் வெள்ளையடித்தார்கள். அழிக்க அடித்த சுண்ணாம்பு பல இடங்களில் காப்பாக அமைந்துவிட்டது. எங்கள் சுவரில் முழங்காலுக்குக் கீழேதான் எஞ்சியிருக்கிறது: காவிக் கோட்டில் இரண்டு பாதங்கள், அலையைக் குறிக்கும் நெளிகோடுகள், அவற்றுக்கு இடையே விரல் நீளத்தில் ஒரு மீன். மீனின் வால் பக்கம் வெள்ளை உப்புப் பூத்துப் பொருக்காக எழும்பியிருந்தது. அதற்கு வலது புறம் சுவர் பச்சை பாசி பிடித்து, கை வைத்தால் சில்லென்று இருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் முதலில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த இடத்துக்கு நேர்மேலே இல்லை. வெளியே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. ஓவியத்துக்கு நேர் பின்னால் சுவரின் ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் எப்போதோ, இடுக்குகள் உதிர்வதைக் கண்டு யாரோ நல்ல எண்ணத்துடன் கெட்டியான சிமென்ட்டால் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சிக்கிமுக்கிச் சுவரில் சிமென்ட் ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணற்கல்லோ செங்கல்லோ தானே கொஞ்சம் நீரை உறிஞ்சித் தானே வெளிவிடும். சிக்கிமுக்கி அப்படியல்ல, அது ஏறக்குறைய கண்ணாடி. சுவருக்குள் புகும் மழைநீர் திரும்பி வெளியேற வேண்டுமானால் கற்களுக்கு இடையேயுள்ள சாந்து ஒன்றுதான் வழி. சுவரின் 90 சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு முகங்களுக்கும் நடுவே இருப்பது உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த நிரப்பு. அது ஈரத்தை வாங்கி வெளியே காய்ந்துகொண்டே இருக்கும் வரை எண்ணூறு ஆண்டும் நிற்கும். முகத்தைச் சிமென்ட்டால் மூடினால், சுவர் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அசையும்போது கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுகிறது. அந்த விரிசல் நீரை உள்ளே இழுக்கிறது, சிமென்ட் அதை வெளியே விடுவதில்லை. வெளிவழி அடைபட்ட ஈரம் உள்பக்கம் போய், அங்கே காய்ந்து, உப்பை விட்டுச் செல்கிறது. மீனின் வாலை அரித்துக்கொண்டிருந்தது அந்த உப்புதான். பனிக்காலத்தில் உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிவதால் முகத்திலுள்ள கற்கள் நிரப்பிலிருந்து விடுபட்டுத் தகடாகப் பெயர்வதும் உண்டு. சாந்து கல்லைவிடவும் நிரப்பைவிடவும் மெலிந்ததாக இருக்க வேண்டும், தேய வேண்டியது அதுவே என்பது பழைய கொத்தனார்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வலிமையே நல்லது என்ற எண்ணம் வந்து அது மறந்துபோயிற்று.

உளியை எடுப்பதற்கு முன்னால் சுவரை வரைய வேண்டும் என்பது கொத்தனாரின் கட்டளை. அரை மீட்டருக்கு ஒன்றாக நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, கட்டக் காகிதத்தில் 1-க்கு 10 அளவில் ஒவ்வொரு பெரிய கல்லையும் குறித்தோம். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தது இரண்டரை நாளாயிற்று. எனக்கு அலுப்புத் தட்டியது உண்மை. ஆனால் வரையும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடாத பல விஷயங்கள் பிடிபட்டன. கற்கள் தாறுமாறாகக் கிடப்பது போலத் தோன்றினாலும், தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர், 90, அப்புறம் 1 மீட்டர் 30 என்று ஏறத்தாழச் சம இடைவெளிகளில் கிடைக்கோடுகள் ஓடுகின்றன. அந்த இடங்களில் கற்களின் தலைகள் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. நீரை உறிஞ்சாத கல்லை வைத்து மெதுவாக இறுகும் சுண்ணாம்பில் கட்டும்போது, ஒரேயடியாக உயரே எழுப்பினால் சுவர் பிதுங்கிவிடும். ஆகவே ஒரு கட்டு எழுப்பி, மட்டம் செய்து, இறுகும்வரை விட்டு, அதன் மேல் அடுத்த கட்டு. குளிர்காலத்தில் சுவரின் தலையைப் போர்த்திவைத்துவிட்டு வசந்தத்தில் தொடர்வார்கள். நாங்கள் குறித்த கோடுகள் ஒவ்வொன்றும் கட்டியவர்கள் வேலையை நிறுத்திய இடம்.

மேல் கோட்டை ஒட்டி இரண்டு சாரத் துளைகளும் அகப்பட்டன. சாரத்தின் குறுக்குக் கழியைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டி, பின்னால் கழியை உருவிவிட்டுக் கல்லால் அடைத்த துளைகள் அவை. ஒன்றின் அடைப்பு முழுதாக இருந்தது. மற்றொன்றில் கல் விழுந்து பொந்தாகியிருந்தது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது அரிசி அளவில் கறுப்புப் புழுக்கைகள். வௌவால்களும் அவை தங்கும் இடங்களும் 1981-இன் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வௌவால் ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்லும் வரை அந்த மூலையில் கை வைக்கவில்லை. அவர் சொன்னபடி துளையைக் கடைசி வரை திறந்தே விட்டோம். நாங்கள் திட்டமிட்ட காலக்கணக்கு முதலில் தவறியது அங்கேதான்.

எங்கள் பரப்பின் இடது ஓரத்தில் அடைக்கப்பட்ட வடக்கு வாசலின் வலது நிலைக்கால் வந்தது. தெற்கு வாசலுக்கு எதிராக வடக்கிலும் ஒரு வாசல் வைப்பதும், பின்னால் அதை அடைத்துவிடுவதும் இங்கே மிகப் பரவலானவை. ஞானஸ்நானத்தின்போது பேய் வெளியேறத் திறந்துவைத்த கதவு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்கு இடைக்காலச் சான்று ஒன்றையும் நான் கண்டதில்லை. திருநாள் ஊர்வலங்கள் ஒரு வாசலில் புறப்பட்டு மறு வாசலில் திரும்பிய வழக்கம் சீர்திருத்தத்தோடு நின்றபின், குளிர்காற்று வரும் பயனற்ற கதவு எதற்கு என்று அடைத்திருப்பார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

சிமென்ட்டை வெட்டுவதற்கு மின்சார இயந்திரம் எதுவும் கிடையாது. ஒடுங்கிய வாயுள்ள உளியும் ஒரு கிலோ சுத்தியலும் மட்டும். உளியின் பின்பக்கத்தால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும்: உள்ளே பிடிப்புள்ள இடம் கணீரென்றும், விட்டுப்போன இடம் பொத்தென்றும் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு பொத்தென்றுதான் ஒலித்தது. அவை இரண்டு தட்டில் உள்ளங்கையளவு ஓடுகளாகக் கழன்று வந்தன. அவற்றின் பின்னால் பழைய சாந்து ஈரமான பொடியாக, விரலால் தோண்டினால் வரும் நிலையில் இருந்தது. கெட்டியான சாந்து தட்டுப்படும்வரை, சராசரியாக 40 முதல் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம். இடுக்கு எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டு மடங்காவது ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் புதுச் சாந்துக்குப் பிடிப்பு இருக்காது. சிமென்ட் நன்றாகப் பிடித்திருந்த இடத்தில் பலவந்தம் செய்யக் கூடாது என்பதை ஒரு கல்லை உடைத்துத் தெரிந்துகொண்டேன். உடைந்த சிக்கிமுக்கி சவரக் கத்தி மாதிரி, கையுறையையும் கிழித்தது.

சுரண்டும்போது கிடைத்த பொருள்களில் எனக்குப் பிடித்தது சிப்பி ஓடு. பெரிய கல்லை மட்டம் பார்த்து உட்காரவைக்க அதன் அடியில் ஆளிச் சிப்பி ஓடுகளைச் செருகியிருந்தார்கள். கட்டியவர்கள் தின்றுவிட்டுப் போட்ட எச்சமா, இதற்கென்றே கொண்டுவந்ததா, தெரியாது. ஓடு தட்டையானது, நசுங்காதது, சுண்ணாம்போடு சுண்ணாம்பாகச் சேரக்கூடியது. செருகுவதற்கு அதைவிடத் தோதான பொருள் அங்கே இல்லை. பிடிப்போடு இருந்தவற்றை அப்படியே விட்டோம்.

இனிச் சாந்து. பழைய சாந்தில் கெட்டியான ஒரு துண்டை எடுத்து உலர்த்தி, 50 கிராம் நிறுத்து, பொடித்து, அரை லிட்டர் வினிகரில் மூன்று நாள் ஊறவைத்தேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் அடியில் தங்கும். கழுவிக் காயவைத்து நிறுத்தபோது 36 கிராம் மணல் இருந்தது. சிப்பித் துகளும் சீமைச்சுண்ணக் கல்லும் சேர்ந்து கரைந்திருக்கும் ஆதலால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கன அளவில் சுண்ணாம்பு 2 பங்குக்கு மணல் 3 பங்கு என்ற பக்கத்தில் வருகிறது. சுண்ணாம்பு 1-க்கு மணல் 3 என்ற இன்றைய பாடப்புத்தக அளவைவிட இது எவ்வளவோ கொழுப்பானது. அந்த 1-க்கு 3 எங்கிருந்து வந்தது என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் காய்ந்த மணலில், மேலே தெரியும்வரை தண்ணீர் ஊற்றினேன். 340 மில்லிலிட்டர் குடித்தது. மணலின் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு, அதை நிரப்பச் சுண்ணாம்பும் ஒரு பங்கு என்பது கணக்கு.

பழைய சாந்தில் மிளகளவு வெள்ளைக் கட்டிகள் ஆங்காங்கே இருந்தன. கொத்தனார் அவற்றைக் காட்டி, இது சூடாகக் கலந்த சாந்து என்றார். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தனியாக நீற்றி ஆறவைக்காமல் ஈர மணலோடு சேர்த்தே நீற்றும் முறை அது. நீறாமல் நின்ற துணுக்குகளே அந்த வெள்ளைக் கட்டிகள். சுட்ட சுண்ணாம்பு நீறும்போது ஏறக்குறைய இருமடங்காகப் பெருகும். ஆகவே 1-க்கு 3 என்று அளந்து போட்டால் முடிவில் 2-க்கு 3 ஆகிறது. வினிகர்க் கணக்கும் இதுவும் ஒத்துப்போனதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அந்தப் பக்கத்துக் குழிமணலைப் பழைய மணலின் நிறத்துக்கும் பருக்கைக்கும் பொருந்துமாறு சலித்து, கொஞ்சம் பொடிக்கல் சேர்த்தோம். தகரத் தொட்டியில் ஒரு வாளி சுட்ட சுண்ணாம்பு, மூன்று வாளி மணல். தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஆவி, அப்புறம் தொட்டி முழுவதும் சளசளவென்று கொதித்து மேலெழும்பியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதை வீட்டில் பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ஆனால் இது அதைப்போல நூறு மடங்கு. கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது; கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கழுவ நல்ல தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிளறி, ஆறவைத்து, தாமதமாக நீறும் துணுக்குகளுக்காக இரண்டு நாள் மூடிவைத்து, மறுபடி பிசைந்து எடுத்தோம்.

முதல் நாள் பூச்சு தோற்றது. தோட்டச் சுவரில் செங்கல்லுக்குப் பழகிய கை, சாந்தைத் தளர்த்தியாகவே குழைத்துவிட்டது. செங்கல் நீரை உறிஞ்சிச் சாந்தை இறுக்கிக்கொள்ளும், சிக்கிமுக்கி உறிஞ்சாது. இடுக்குகளை நன்றாக நனைத்துவிட்டுப் பூசியதால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒரு மணி நேரத்தில் சாந்து தொங்கத் தொடங்கி, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இரண்டு கற்களோடு தரைக்கு வந்துவிட்டது. கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. மீதியையும் எடுத்துவிடச் சொல்லிக் கரணையின் முனையால் காட்டினார். அடுத்த கலவையைக் கொழுக்கட்டை மாவைவிடச் சற்று வறண்ட பதத்துக்குக் கொண்டுவந்தோம்: உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. இடுக்கின் பின்சுவரை மட்டும் தெளித்து நனைத்து, ஆழமான இடங்களில் முதலில் ஒரு அடைப்பு, அது இறுகிய மறுநாள் அடுத்த அடைப்பு என்று இரண்டு தடவையாக அடித்தோம். அகன்ற இடுக்குகளில் சிக்கிமுக்கிச் சில்லுகளைச் சாந்துக்குள் அழுத்திச் செருகினோம். சாந்தின் பருமன் குறைவதால் சுருங்கி வெடிப்பதும் குறைகிறது. ஆடம்பரமான சுவர்களில் இந்தச் சில்லுகளை அழகுக்காக வரிசையாகப் பதிப்பார்கள். எங்கள் சுவரில் பழையவை தேவைக்கு மட்டுமே இருந்தன, நாங்களும் அதையே பின்பற்றினோம்.

இரண்டாவது தோல்வி ஆகஸ்டில். வடக்குச் சுவரில் வெயில் படாது என்பதால் கோணியை நனைத்துத் தொங்கவிடுவதில் அன்றைக்கு அசட்டையாக இருந்தேன். வெயில் படவில்லை, காற்று பட்டது. வயலைத் தாண்டி வந்த வறண்ட காற்றில், மறுநாள் காலையில் பூச்சு வெளுத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு இறுகுவது காய்வதால் அல்ல. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணக்கல்லாக மாறுவதால். அந்த மாற்றத்துக்கு ஈரம் வேண்டும். சீக்கிரம் காய்ந்துவிட்டால் அது பாதியில் நின்றுபோகிறது. அரை சதுர மீட்டரை மறுபடி தோண்டினோம். அதற்குப் பின் ஒவ்வொரு நாள் பூச்சுக்கும் ஒரு வாரம், காலையும் மாலையும் யாராவது ஒருவர் பண்ணை வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கோணியை நனைத்துவருவது என்று முறை வைத்துக்கொண்டோம்.

பூசிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பெருவிரல் நகம் பதிந்தும் பதியாமலும் இருக்கும் பதத்தில், கட்டை மயிர்ப் பிரஷ்ஷால் சாந்தின் முகத்தைக் குத்திவிட வேண்டும். கரணையால் இழைத்த வழவழப்பான தோல் போய், மணல் பருக்கைகள் வெளியே தெரியும். காற்று உள்ளே போகவும் ஈரம் வெளியே வரவும் பரப்பு கூடுகிறது. கண்ணுக்கும் பழைய சாந்தோடு ஒட்டிப்போகிறது. இழுத்துத் தேய்த்தால் கோடு விழும், குத்தத்தான் வேண்டும். நான்கு நாள் வேலையில் எனக்கு உண்மையாகக் கைவந்தது இந்தக் குத்தல் ஒன்றே என்று சொல்ல வேண்டும். கழிவும் மறுவேலையும் சேர்த்து மொத்தம் 80 லிட்டர் அளவு சாந்து செலவாயிற்று.

சுவரடியில் மண் உயர்ந்துகிடந்ததையும் கவனித்தோம். பல நூற்றாண்டுகளாகப் புதைத்துப் புதைத்துக் கல்லறைத் தரை ஏறிவிடுவதால், உள்தரையைவிட வெளித்தரை ஒரு முழம் உயரமாக இருப்பது இந்தத் தேவாலயங்களில் சகஜம். அதைத் தோண்டுவதற்குத் தொல்லியல் மேற்பார்வையும் தனி அனுமதியும் வேண்டும். சுவரடிப் புதரை அறுத்து, மழைநீர்க் குழாயின் வாயிலிருந்த காக்கைக் கூட்டுக் குச்சிகளை அள்ளியதோடு நிறுத்திக்கொண்டோம். வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், புதுப்பிப்பதை விடுத்து அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடச் சொன்னது பெரும்பாலும் இந்த மாதிரிக் குச்சி அள்ளும் வேலையைத்தான். இதே மாவட்டத்தில் ஹௌட்டன்-ஆன்-தி-ஹில் என்ற இடத்தில், 1992-இல் ஐவி படர்ந்து கூரையின்றிக் கிடந்த தேவாலயத்தைப் பாப் டேவி என்பவர் துப்புரவாக்கத் தொடங்கியதால்தான், அங்கே பூச்சுக்குப் பின்னால் பதினோராம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் பின்னர் வெளிப்பட்டன.

பிப்ரவரியில் ஒரு வாரம் கடும் பனி உறைந்தது. மார்ச்சில் போய்ப் பார்த்தேன். தரையை ஒட்டிய மூன்று இடுக்குகளில் சாந்து பெயர்ந்திருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில், குளிர் வரும் முன் முடித்துவிட அவசரப்பட்டுப் பூசியவை அவை. மற்றவை நின்றிருந்தன. மழை பெய்து ஓய்ந்த அந்தக் காலையில் சுற்றியிருந்த சுவரைவிட எங்கள் பரப்பு கறுத்துத் தெரிந்தது; மாலையில் நிறம் வெளுத்திருந்தது. உள்ளே பாசி அப்படியேதான் இருக்கிறது. 90 சென்டிமீட்டர்ச் சுவர் ஒரு குளிர்காலத்தில் காயும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மீனின் வாலுக்குக் கீழே ஜனவரியில் விரித்திருந்த கறுப்புத் தாளில் உப்புப் பொடி கொஞ்சம் விழுந்திருந்தது. காவி நிறத் துகள் எதுவும் இல்லை.

வலது கீழ்மூலையில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிமென்ட் இன்னும் இருக்கிறது. அங்கே தட்டினால் கணீரென்றுதான் ஒலிக்கிறது. எடுக்க முயன்றால் கல் உடையும். சுவர்ப்படத்தில் அந்த இடத்தைக் கோடிட்டு, தேதி போட்டு, தேவாலயத்துப் பதிவேட்டில் வைத்திருக்கிறோம். பெயர்ந்த மூன்று இடுக்குகளுக்கு மே மாதம் போகிறோம்.